குண்டு எழுத்து

பேருந்துக்காகக் காத்து நின்றவளின் முகத்துக்கு நேரே வேறொரு பேருந்து வந்து நின்றது. அதன் பக்கவாட்டில், ஆள் உயரத்துக்கு, அவளுடைய எழுத்துகள். ஏதோ பற்பசை விளம்பரம். பெற்றவளுக்குப் பிள்ளையை யாராவது அடையாளம் காட்ட வேண்டுமா? பேருந்து கிளம்பிப் போன பிறகும் அவள் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகனுக்குப் பார்வை மங்கல். மெல்லிய எழுத்துகள் அவனுக்குப் பூச்சி ஊர்வதுபோல் தெரிந்தன. அவனுக்காகத்தான், வேலையை விட்ட பிறகு, அவன் தூங்கும் நேரங்களில் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து வரைந்தாள். மூலையே இல்லாத தடித்த எழுத்துகள். தேய்ந்த சோப்புக்கட்டிபோல் முனையெல்லாம் மழுங்கியிருக்கும். புள்ளி ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு. தடிக்க வைத்தால் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டு மை கொட்டியதுபோல் ஆகிவிடும். அந்தச் சின்ன ஓட்டைகளைத் திறந்து வைக்கவே ஒரு மழைக்காலம் போயிற்று. மகனின் செல்லப் பெயரையே அதற்கும் வைத்தாள்: குண்டு. கணவனுக்கு விளம்பர நிறுவனத்தில் வேலை. கணினியில் ஏற்றித் தருகிறேன் என்று தாள்களை அவன்தான் வாங்கிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து அவனுடைய நிறுவனத்தின் பக்கத்தைக் கைப்பேசியில் தேடினாள். அவன் படம். கீழே, 'என் மகனுக்காக நான் வரைந்தது.' அந்த வரியும் அவளுடைய எழுத்தில்தான் இருந்தது.

மாலையில் அவன் காலணியைக் கழற்றும்போதே கைப்பேசியை நீட்டினாள். அவன் மறுக்கவில்லை. வீட்டில் இருப்பவள் வரைந்தது என்றால் அலுவலகத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள் என்றான்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"உன்னோடது என்னோடதுன்னு நாம எப்பப் பிரிச்சுப் பாத்தோம்?"

உண்மையிலேயே புரியாதவன்போல்தான் கேட்டான். பிறகு அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டான். தண்ணீர் கேட்டான், கொடுத்தாள். பெயர் போனால் போகட்டும். 'மகனுக்காக' என்ற அந்தச் சொல்லையுமா எடுத்துக்கொள்வான்? கத்த வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று அவன் தட்டை எடுத்துக் கழுவப் போனாள்.

மறுநாள் காலை மகனைப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போனாள். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளின் முன் அவன் நின்றுவிட்டான். மூக்கு கண்ணாடியில் படும்படி நெருங்கி, "பு...து...சு" என்று கூட்டிப் படித்தான். தெருவில் அவன் தானாகப் படித்த முதல் சொல்.

"அப்பா எழுத்தும்மா."

போன வாரம் இந்த எழுத்தைக் காட்ட அப்பா பள்ளிக்கு வந்ததையும், டீச்சர் எல்லோரையும் கைதட்டச் சொன்னதையும் சொன்னான். அவளுக்கு அது அப்போதுதான் தெரியும்.

ஓரமாகத் தூசி படிந்த வேன் ஒன்று நின்றிருந்தது. அவள் அதன் கண்ணாடியில் விரலை வைத்து, பெரிதாக, கோட்டின்மேல் கோடாகத் தடிக்க வைத்து, ஒரு 'அ' போடத் தொடங்கினாள். மகன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்து வளைவோடு கூடவே தலையைச் சாய்த்தான்.

"அட, அப்பா மாதிரியே போடுறியேம்மா," என்றான், பாராட்டாக.

விரல் பாதி வளைவில் நின்றது. தூசி விலகிய கோட்டின் வழியே, வேனுக்குள் தூங்கி விழித்த யாரோ ஒருவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.