பட்டியலில் ஏறிய வீடு

மெட்டுக்காரரின் முதல் பாட்டு இருபதே பாட்டுகள் கொண்ட வெற்றிப் பட்டியலில் கடைசி இடத்தைப் பிடித்த வெள்ளிக்கிழமையிலிருந்து, அவர் வீட்டுச் சமையலறைக் குழாயில் தண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது. தண்ணீர் குறையவில்லை, வாளியும் வழக்கம்போல நிறைந்தது; விழுகிற ஓசை மட்டும் இல்லை. பிளம்பர் வந்து கழற்றிப் பார்த்து, புது வாஷர் போட்டு, "தண்ணி வருதில்ல சார், அப்புறம் என்ன?" என்று கூலியை வாங்கிக்கொண்டு போனார். காரணத்தைக் கண்டுபிடித்தவள் மனைவிதான். தாளம் வாசிக்க ஆள் வைக்க வசதியில்லாமல் மெட்டுக்காரர் அந்தக் குழாய் சொட்டுவதைப் பதிவுசெய்து பாட்டு முழுக்க ஓடவிட்டிருந்தார். ஓசை பாட்டோடு போய்விட்டது என்றாள் அவள். அவர் சிரித்தார். மழைக்காலம் முடிந்து பாட்டு பட்டியலைவிட்டு இறங்கிய அன்று குழாய் மறுபடி சளசளத்தது. அதற்குப்பிறகு அவர் சிரிக்கவில்லை.

அடுத்த சில வருடங்களில் மாடிப்படியின் கிறீச்சல், அலமாரிக் கதவு, தையல் மெஷின், அழைப்பு மணி என்று ஒவ்வொன்றாகப் பட்டியலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தன. வீட்டுச் சத்தம் இல்லாத பாட்டை அவர் போட்டால் அது கடைப் பலகையிலேயே தூசி படிந்து கிடக்கும். சத்தம் இருந்தால் ஏறும். பாட்டுகளை வெளியிட்ட கம்பெனிக்காரருக்கு ஊருக்குள் ஹிட்டு என்று பெயர். அவர் காரணத்தை விசாரிக்கவில்லை, வரவை மட்டும் பார்த்தார். ஒரு முறை மெட்டுக்காரர், வீட்டில் கூடவே தங்கியிருந்த மாமியாரின் குறட்டையை அடித்தாளமாக வைத்தார். பாட்டு ஆறாவது இடம் வரை போயிற்று. விஷயம் தெரிந்ததும் மாமியார் கோபப்படவில்லை, கிடைத்த சாட்சியைப் பிடித்துக்கொண்டார்.

"குறட்டையா? நானா? இப்ப பக்கத்துல உக்காந்து கேளுங்க மாப்பிள்ளை. ஒரு சத்தம் வருதா? இத்தனை வருஷமா என்மேல அபாண்டமா பழி போட்டீங்க."

சிரித்து முடித்தபின் மனைவி ஒரு சட்டம் போட்டாள். வீட்டில் எந்தச் சத்தத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பேசுகிற குரலை மட்டும் எடுக்கக் கூடாது. அவளுக்குக் குரல்தான் வேலை. பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று மைக்கில் சொல்கிறவள் அவள். அவள் ஒரு முறை சொன்னால் போதும், தூங்குகிற பயணிகூட எழுந்து சரியான வண்டியில் ஏறிவிடுவார் என்று நிலைய மேலாளரே சொல்வதுண்டு. மெட்டுக்காரர் அந்தச் சட்டத்தை ஒப்புக்கொண்டார், பல வருடம் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றவும் செய்தார்.

தவறு தொழிலின் பழக்கத்திலிருந்து வந்தது. பெயர்பெற்ற பாடகி வருவதற்குமுன், மெட்டும் சொல்லும் பிடிபடுவதற்காக யாரையாவது பாடவைத்து ஒரு குரலைப் பதிந்துவைப்பார்கள். அதற்கு டிராக் என்று பெயர். பாடகி வந்து பாடியதும் டிராக்கை அழித்துவிடுவார்கள். அந்த முறை பாடகிக்குத் தொண்டை கட்டியிருந்தது, வருகிற தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. அழிக்கப்போகிற குரல்தானே என்று மனைவியைக் கேட்டார். அவளும் துணி மடித்துக்கொண்டே பாடிக்கொடுத்தாள். மாதக்கணக்காக அந்தக் குரலைச் சுற்றித்தான் அவர் வாத்தியங்களை அடுக்கினார். கடைசியில் பாடகி வந்து நன்றாகத்தான் பாடினார். ஆனால் ஹிட்டு வாசலில் நின்று அவசரப்படுத்த, அடைக்க வேண்டிய மனைவியின் குரலைத் திறந்துவைத்து, திறக்க வேண்டிய பாடகியின் குரலை அடைத்து அனுப்பிவிட்டார் மெட்டுக்காரர். அனுப்புமுன் ஒரு தடவை கேட்டுப்பார்க்கத்தான் செய்தார். பழகிய குரல், காதுக்கு எதுவும் உறுத்தவில்லை.

பாட்டு எடுத்த எடுப்பில் முதல் இடத்தில் போய் உட்கார்ந்தது. "மூன்றாம் நடைமேடையில்" என்று தொடங்கிய மனைவி அதற்குமேல் சொல்லவில்லை. வாய் அசைந்தது, மைக்கின் விளக்கு எரிந்தது, நிலையம் காத்திருந்தது. மருத்துவர் தொண்டையில் விளக்கடித்துப் பார்த்து, இவ்வளவு ஆரோக்கியமான தொண்டையைத் தான் பார்த்ததில்லை என்று எழுதிக்கொடுத்தார். பாடகி முதலில் வழக்குப் போடுவதாக மிரட்டினார். பாட்டு இறங்காததைப் பார்த்து, பாடியது தான்தான் என்று பேட்டி கொடுக்கத் தொடங்கினார். மனைவியைப் பயணிகள் விட்டுச்சென்ற பொருள்களைக் காக்கும் அறைக்கு மாற்றினார்கள். குடைகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருக்க, வெளியே ஒவ்வொரு கடை ஒலிபெருக்கியிலும் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

மெட்டுக்காரர் ஹிட்டுவிடம் போய்ப் பாட்டைத் திரும்பப் பெறச் சொன்னார்.

"என்ன தம்பி, உடம்பு கிடம்பு சரியில்லையா? முதல் இடத்துல நிக்கிற பாட்டை இறக்குங்கன்னு என்கிட்ட வந்த முதல் ஆளு நீங்கதான்."

கெஞ்சலுக்கு இரங்கி ஒரு வாரம் கடைகளிலிருந்து எடுத்தும் பார்த்தார். கிடைக்காத பாட்டுக்கு இன்னும் கிராக்கி கூடி, வாங்குகிறவர்கள் தெரு திரும்பி வரிசையில் நின்றார்கள்.

இனி தள்ளித்தான் இறக்க வேண்டும் என்று மெட்டுக்காரருக்குப் புரிந்தது. அதற்குப்பிறகு அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை யாரும் பார்க்கவில்லை. ஒரு கையில் தட்டு, மறு கையில் மைக் என்று வீட்டைச் சுற்றி வந்தார். ஜன்னல் கொக்கியைப் பதிந்து ஒரு பாட்டு, துடைப்பம் இழுபடுவதைப் பதிந்து ஒரு பாட்டு. ஒரே ஆள் இத்தனை போட்டால் சலித்துவிடும் என்று ஹிட்டு சொன்னதால் ஏழெட்டுப் புனைபெயர்களில் வெளியிட்டார். இளம் இசையமைப்பாளர்களின் படையெடுப்பு என்று பத்திரிகைகள் எழுதின. ஒவ்வொரு பாட்டும் ஏறி மனைவியின் பாட்டை ஒரு படி கீழே தள்ளியது. ஏறியவை சரியாமல் இருக்கவும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வானொலி நிலையங்களுக்கு நடையாய் நடந்தார், பேட்டிகளில் பல்லைக் காட்டினார், வெள்ளிக்கிழமை பட்டியல் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு தெருமுனைக்கும் வாசலுக்குமாக அலைந்தார். மூன்று வருடம் இப்படி ஓடியது. வீட்டில் தட்டு விழுந்தால் கேட்காது, கதவு அறைந்தால் கேட்காது, யார் எப்போது பின்னால் வந்து நிற்கிறார்கள் என்று தெரியாது. மாமியார் எந்நேரமும் திடுக்கிட்டுக்கொண்டே இருந்தார்.

இப்படியாகப் பட்டியலில் பத்தொன்பது இடங்களில் அவருடைய மற்றப் பாட்டுகளும், இருபதாவதில் மனைவியின் பாட்டும் வந்து நின்றன. இன்னும் ஒன்றே ஒன்று வேண்டும். அவர் வீட்டைத் தட்டிப் பார்த்தார், உலுக்கிப் பார்த்தார், சுவரில் காது வைத்துப் பார்த்தார். பதிவதற்கு ஒரு சத்தமும் மிச்சமில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார். மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவளால் செய்ய முடிந்த பேச்சு அவ்வளவுதான்.

மாமியார் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க வாய் பேட்டிக்கு வேணும். அதை விட்டா இந்த வீட்ல என் வாய் ஒண்ணுதானே பாக்கி. எடுத்துக்கோங்க மாப்பிள்ளை."

"வேண்டாம் அத்தை."

"ஏன் வேண்டாம்? நான் பேசி யாரு கேக்குறா? அவ பேசினா ஒரு ஊரே வண்டி ஏறுது."

"இறங்கலேன்னா? திரும்பி வரலேன்னா?"

"வரலேன்னா உங்களுக்குத்தான் லாபம். மைக்கைப் பிடிங்க, நான் மனசு மாறுறதுக்குள்ள."

அவர் மைக்கை நீட்டினார். மாமியார் தொண்டையைக் கனைத்து, எந்த ராகத்திலும் சேராத ஒரு ராகத்தில் தொடங்கப்போனார். அதற்குள் மனைவி எழுந்து மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள். தாயின் வாயைக் கையால் பொத்தினாள், கணவரைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு காலியான நாற்காலி ஒன்றைக் கூடத்தின் நடுவில் போட்டு, அதன்மேல் மைக்கை வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தினாள். உதட்டில் விரலை வைத்தாள். மூவரும் அசையாமல் நின்றார்கள். சத்தமெல்லாம் போனபின் அந்த வீட்டில் மிஞ்சியிருந்த அமைதி, ஒரு பாட்டின் நீளத்துக்கு அப்படியே பதிவாயிற்று.

ஹிட்டு அதைக் கேட்டுவிட்டு ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகினார். "பாட்டு எங்க தம்பி?" என்றார். இதுதான் என்றதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ஆனாலும் பத்தொன்பது பாட்டு தந்த ஆளிடம் மறுத்துப் பேசாமல் வெளியிட்டார். முதலில் பழுதென்று சிலர் திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு கைக்குழந்தைக்காரிகள் வாங்கினார்கள், நெசவாலையில் வேலைசெய்கிறவர்கள் வாங்கினார்கள், விவாகரத்து வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி ஒருவர் இரண்டு வாங்கினார். உணவகங்களில் அதைப் போட்டால் ஜனங்கள் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார்கள்.

அமைதி பட்டியலில் ஏறி அவள் பாட்டை வெளியே தள்ளிய வெள்ளிக்கிழமை, மனைவி குடை ஒன்றை உரியவரிடம் எடுத்துக்கொடுத்தபோது, "கைப்பிடி உடைஞ்சிருக்கு, பாத்துப் பிடிங்க" என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவள் அறையைப் பூட்டிவிட்டு மேலே போய், மைக்கின் முன்னால் இருந்த பெண்ணை எழுந்திருக்கச் சொல்லி உட்கார்ந்தாள். மூன்று வருடமாகத் தவறான வண்டிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பயணிகள் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். மெட்டுக்காரர் நான்காம் நடைமேடையில் நின்று, எங்கும் போக வேண்டியில்லாமல், எல்லா அறிவிப்பையும் கேட்டார்.

வீட்டுச் சத்தங்கள் அதனதன் பாட்டு இறங்க இறங்கத் திரும்பின. குறட்டைப் பழி மறுபடி மாமியார்மேல் விழுந்தது. அமைதி மட்டும் பட்டியலைவிட்டு இறங்கவேயில்லை. அதனால் அந்த வீட்டில் அமைதி கிடையாது. எல்லாரும் படுத்து, விளக்கணைத்து, காற்றும் நின்ற பிறகும் பெட்டியை நகர்த்துவதுபோல, காகிதம் கசக்குவதுபோல எங்கிருந்தோ ஒரு ஓசை வந்துகொண்டே இருக்கும். எந்தப் பதிவை எடுத்தாலும் அது உள்ளே புகுந்தது, வேறிடத்தில் எடுத்த பாட்டுகளோ ஏறவில்லை. மெட்டுக்காரர் வெளியிடுவதை நிறுத்திவிட்டார். வீட்டை மாற்றினார்கள், ஓசையும் கூடவே வந்தது. வாடகை பேசும்போதே உரிமையாளரிடம் சொல்லிவிடுவது அவர்கள் வழக்கம். வருகிற விருந்தாளிகள் முதலில் மேலும் கீழும் பார்ப்பார்கள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, குரலை உயர்த்திப் பேச்சைத் தொடருவார்கள். மனைவி அதைவிட உரக்கப் பதில் சொல்வாள்.