கூட வேலை பார்த்தவர்கள்

அபோண்டி ஒரே விரலால் தட்டித் தட்டி, கணவனின் கணினியில் அவன் சாவை எழுதிக்கொண்டிருந்தாள். ஒமல்லா அன்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். நைரோபியின் அந்த ஒற்றை அறை வீட்டில் அவன் நாற்காலியில் உட்காரவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் இருந்தவரை அதில் அவள் உட்கார்ந்ததில்லை.

கொழுந்தன் ஒடோயோ கதவோரம் நின்றான்.

“அனுப்பிட்டீங்களா அண்ணி? ஆபீஸ் ஆளுங்க வரலைன்னா மானமே போயிடும். ஊர்ல இப்பவே பேசுறானுங்க. வேலையாம் வேலை, வீட்டுக்குள்ள உட்கார்ந்து பொண்டாட்டி தையல்ல தின்னுட்டிருந்தான்னு.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லலைன்னு கேளுங்க.”

ஊரில் அடக்கத்துக்கு முன்னால் மைக் பிடிக்க ஒரு வரிசை உண்டு. சர்ச் சபை, சம்பந்தி வீடு, பிறகு கூட வேலை பார்த்தவர்கள். அந்த இடத்தில் ஆள் இல்லாமல் புதைக்கப்பட்டவனை வெட்டிப்பயல் என்றுதான் சொல்வார்கள். ஒமல்லாவை அப்படிச் சொல்லவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. அழக்கூட அப்புறம்தான் தோன்றியது.

அவன் கம்பெனிக்குப் பல நாடுகளில் கிளை. ஊழியர்கள் எல்லாரும் பேசி, சிரித்து, வேலையைப் பகிர்ந்துகொள்ள ஓர் இணையதளம் வைத்திருந்தார்கள். அதை வீட்டிலிருந்தபடியே நடத்தியவன் ஒமல்லா. யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் குழந்தை, யார் தவறிப்போனார் என்று எல்லாருக்கும் அறிவிப்பவன் அவன்தான். ஆனால் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அவன் போனில் ஒருவர் நம்பர்கூட இல்லை. பேச்செல்லாம் அந்தத் தளத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

‘ஒமல்லா இன்று காலை இறந்துவிட்டார். சனிக்கிழமை சொந்த ஊர் உகென்யாவில் அடக்கம். தயவுசெய்து யாராவது வாருங்கள்’ என்று எழுதி அனுப்பினாள். அது அவன் பெயரிலேயே, அவன் சிரிக்கும் படத்துக்குக் கீழே போய் நின்றது.

“விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு ஒமல்லா” என்று லுசாக்கா கிளையிலிருந்து ஒருத்தி எழுதினாள். அடுத்து வந்தது ஒரு சிரிப்புப் பொம்மை. ‘நான் அவர் மனைவி, நிஜம்தான்’ என்று அபோண்டி தட்டி முடிப்பதற்குள், அவன் பெயரில் இன்னொரு செய்தி தானாகவே வந்து மேலே உட்கார்ந்தது. அக்ரா கிளையில் யாரோ ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, கேக் படத்தோடு. வாழ்த்துகளை முன்கூட்டியே எழுதி நாள் குறித்து வைத்துவிடுவது அவன் பழக்கம்.

“இதோ, உயிரோடதான் இருக்கான் மனுஷன்!” என்றார் ஒருவர். “இல்லப்பா, எவனோ கணக்கைத் திருடிட்டான்” என்றார் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் திரை வெளுத்தது. பாதுகாப்பு கருதி இந்தக் கணக்கு மூடப்பட்டது என்று ஒரு வரி, அவ்வளவுதான். கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் கத்தியும் ஒருவர் காதிலும் விழாத தனிமையை அவள் அதுவரை அறிந்ததில்லை.

சனிக்கிழமை உகென்யாவில் பந்தல் நிறைந்திருந்தது. சபைக்காரர் பேசினார். சம்பந்தி வீட்டார் பேசினார்கள்.

“கூட வேலை பார்த்தவங்க வாங்க” என்றார் மைக் பிடித்திருந்த ஊர்ப் பெரியவர் ஓவோர். யாரும் எழவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். பின்னால் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

ஒடோயோ அவள் பக்கம் குனிந்தான். “சர்ச் பசங்க ரெண்டு பேரை எழுப்பி விடட்டுமா அண்ணி? சட்டைய இன் பண்ணிட்டு நின்னா யாருக்குத் தெரியப்போகுது?”

“வேணாம்” என்று அபோண்டி எழுந்து நடந்தாள்.

“பொண்டாட்டி பேசுறது கடைசியிலம்மா. இது ஆபீஸ் ஆளுங்க நேரம்” என்றார் ஓவோர்.

“தெரியும்ங்க. ஒரே ரூம்லதான் நாங்க வேலை பார்த்தோம். அவர் மேஜைல, நான் தையல் மிஷின்ல. மீட்டிங்னா மிஷினை நிறுத்திடுவேன். எங்கயோ ஒரு ஆபீஸ்ல ஒரு புது ஆள் சேர்ந்திருக்கும், அதுகிட்ட யாரும் பேசியிருக்க மாட்டாங்க. உகாலிக் களி ஆறிப்போனாலும் பரவாயில்லைன்னு அதுக்கு எழுதிட்டிருப்பாரு. கூட வேலை பார்த்தவ சொல்றேன், உழைச்சாரு.”

ஓவோர் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வழக்கமாகச் சொல்வதை யோசிக்காமலே சொல்லிவிட்டார்.

“நல்லதும்மா. மத்த ஆபீஸ் ஆளுங்களும் வந்து பக்கத்துல நில்லுங்க, எல்லார் முகத்தையும் பார்த்துக்கறோம்.”

இன்னும் நாலைந்து பேர் நிற்க இடம் விட்டு, அபோண்டி சற்று ஓரமாக நகர்ந்து நின்றாள்.