கேர்பியூ பாஸ் கடைசியாய் வாசித்தது

கணவனின் தலைமாட்டில் நின்ற குத்துவிளக்கை ஒரு சாண் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அம்பிளிஃபயரை வைத்தாள் ஜெகதீஸ்வரி. ஒப்பாரி சட்டென்று நின்றது.

“பிள்ளை, இது செத்தவீடு,” என்றார் அவளுடைய அண்ணன் இராசரத்தினம்.

“ஓம் அண்ணை. செத்தவர்தான் கேட்டவர். வீட்டால வெளிக்கிட முதல் தன்ர பாண்ட் வாசிக்கவேணுமாம். நானும் ஓமெண்டு சொல்லிப்போட்டன்.”

“சுகமில்லாத மனுசன் ஆயிரம் சொல்லும்.”

“இவர் இது ஒண்டுதான் சொன்னவர்.”

ஊரடங்கு அனுமதிச்சீட்டின் பெயரில் அவள் கணவன் ஸ்ரீஸ்கந்தராசா நடத்திய ‘கேர்பியூ பாஸ்’ இசைக்குழுவை வெள்ளவத்தையில் அறியாதவர் இல்லை; விரும்பிக் கேட்டவர்தான் இல்லை. ஹியூபேட் கிற்றார், மஷூர் கீபோர்ட், ஸ்ரீ ட்ரம்ஸ். நாலாவது கலைஞர், அவர்கள் ஒத்திகை பார்த்த கராஜுக்குப் பின்னால் இருந்த தண்ணீர் மோட்டார். தப்பித்தவறி ஒரு மெட்டு வந்துவிட்டால் மூவரும் வெட்கப்பட்டு அதை அழித்துவிடுவார்கள். கொட்டாஞ்சேனை மண்டபமொன்றில் அவர்கள் வாசித்த அன்று அங்கிருந்த காகமெல்லாம் முகத்துவாரத்துக்குக் குடிபோயின; இன்றுவரை திரும்பவில்லை. கடற்கரை ரயில் கூவினால்தான் முடிகிற பாட்டொன்றும் இருந்தது. குண்டுப் புரளியில் ரயில் நின்ற ஒருநாள், ரசிகர்கள் பொழுதுபடும்வரை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். ரசிகர்கள் என்றால் ஜெகதீஸ்வரி. அவளும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தாள்.

அவர்களுடைய ஒரே கசெட்டை வாங்கிய மனிதர் திருப்பிக் கொடுக்க வந்தபோது, இன்னும் இரண்டைக் கையில் திணித்து அனுப்பினார் ஸ்ரீ. இன்றைக்கும் எந்த ஒழுங்கையில் மோட்டார் இருமினாலும், “ஸ்ரீ அண்ணை வாசிக்கிறார்” என்கிறது சனம். இதைவிடப் பெரிய புகழ் எந்த வித்துவானுக்குக் கிடைத்தது?

இன்று ஹியூபேட் கொட்டாஞ்சேனையிலிருந்து செத்தவீட்டுக்கு வந்து சேர்ந்ததே ஒரு கச்சேரிதான். வயர்ப் பெட்டியைக் கண்ட சோதனைச் சாவடியெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னார்களாம். கடைசிச் சாவடி ஆமிக்காரன் கும்பிட்டு, “எத்தி, எத்தி, யன்ன,” என்று சிங்களத்தில் சொல்லி அனுப்பிவைத்தானாம்.

“போதும் போ எண்டான் அக்கா. இன்னும் ரெண்டு நிமிசம் இருந்தது.”

“மேளம் அடிக்கிறவரே பெட்டிக்குள்ள,” என்றார் இராசரத்தினம். “இனி என்ன பாண்ட்?”

“அவர்ட அடி கசெட்டில கிடக்கு அண்ணை. போட்டால் சரி.”

மஷூர் பிளக்கைச் செருகினார். ஹியூபேட் நரம்பில் விரலை வைத்தார். மேலே சுற்றிய மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது.

மின்வெட்டு.

“பேப்பரில நேரம் பாத்தனீங்கள்தானே மஷூர் அண்ணை?”

“பார்த்தேன் தங்கச்சி.” மஷூர் தலையைச் சொறிந்தார். “எங்கட கொம்பனித்தெருவுக்குப் பார்த்திட்டேன்.”

“கடவுளுக்குக் கண் இருக்கு,” என்றார் இராசரத்தினம், முதல்தடவையாக முகம் மலர்ந்து. “ஐயா, நீங்கள் தொடங்குங்கோ.”

சவத்துக்குப் பூசும் மஞ்சள் சுண்ணத்தை இடிக்கும்போது பாடுகிற சுண்ணப் பாட்டை ஐயர் எடுத்தார். கொள்ளி வைக்கவிருந்த ஸ்ரீயின் தம்பி நாகேந்திரம் உலக்கையைத் தூக்கி உரலில் போட்டான். டொம். டொம். டொம். ஒரே சீர், கடிகாரம் மாதிரி. ஜெகதீஸ்வரியால் அதைத் தாங்கமுடியவில்லை.

“விடுங்கோ தம்பி.”

உலக்கையை வாங்கினாள். டொம், டொம். நிறுத்தினாள். எல்லோரும் ஐயரைப் பார்த்த நேரத்தில், ஒருவரும் எதிர்பாராத இடத்தில், டொம். படி இருக்கிறதென்று நினைத்துக் கால் வைக்கிற ஆளைப் போல.

ஹியூபேட் நிமிர்ந்தார். “அக்கா, அது அவன்ட அடி.”

“தெரியும். என்ர வாயைப் பாக்காமல் வாசி.”

அவர் அம்பிளிஃபயர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டினார். மஷூர் ஒரு கரண்டியால் ஜன்னல் கம்பிகளை மேலும் கீழும் இழுத்தார். ஐயர் இரண்டு வரி தடுமாறி, மூன்றாவது வரியில் தாளத்துக்குள் வந்து விழுந்தார். அழுதுகொண்டிருந்த பாலேஸ்வரி மாமி சேலைத் தலைப்பால் சிரிப்பைப் பொத்தினாள், பிறகு பொத்தவில்லை.

“பிள்ளை, காணும், நிப்பாட்டு,” என்றார் இராசரத்தினம். அது பாட்டின் ஒரு பகுதி போலவே கேட்டது. அவர் மறுபடி சொன்னார்; சரியான இடத்தில் விழுந்தது.

வாசலில் சவவண்டிக்காரன் ஹோர்ன் அடித்தான். ஹியூபேட் அவனைப் பார்த்து, இன்னொன்று என்று விரல் காட்டினார்.

சுண்ணம் எப்போதோ பதமாகிவிட்டது. ஐயரின் கை அதற்காக நீண்டபடியே இருந்தது. ஜெகதீஸ்வரி முகத்தில் தெறித்திருந்த மஞ்சளைத் துடைக்காமல், உலக்கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த அடிக்கு இன்னும் நேரமிருக்கிறதென்று நின்றாள்.