டாக்டர் ஸாக்ஸின் சளி

வில்னா நகரில் ஜெர்மன்காரர்கள் எங்களை வேலிக்குள் அடைத்துப்போட்ட இரண்டாவது குளிர்காலம். வேலை செய்யத் தெம்புள்ள யூதனுக்குத்தான் உயிரோடு இருக்க அனுமதி. மாதம் ஒருமுறை பட்டறை ஆட்கள் எல்லோருடைய சளியும் அவர்களின் பரிசோதனைக்குப் போகவேண்டும். காசநோய் என்று தெரிந்தால் லாரியில் ஏற்றிப் போவார்கள். போனவர் யாரும் திரும்பியதில்லை.

கோப்பைகளில் பெயர் ஒட்டுவது நர்ஸான என் வேலை. அனுப்பும்முன் டாக்டர் ஸாக்ஸ் ஒவ்வொன்றையும் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார். கிருமி இருந்தால் கோப்பையைக் கொதிநீரில் கழுவி, இருமி இருமித் தன் சளியை அதில் துப்புவார். தொண்டை இளக நான் வெந்நீர் போட்டுத் தருவேன், முணுமுணுத்துக்கொண்டேதான்.

"மாட்டினா உங்களை மட்டுமா சுடுவான்? என்னையும் சேத்துத்தான்."

"பொறு மீர்ல். என் சளிக்கு இப்ப ஏழு வேலை. கையுறை தைக்குது, பூட்ஸ் தைக்குது, குதிரைக்கு லாடம் அடிக்குது. நான்தான் சும்மா உக்காந்திருக்கேன்."

சிரித்துத் தொலைப்பேன். ஆனால் என் சளியைத் தரட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எனக்குப் பயம்.

மார்ச்சில், டாக்டர்களும் சளி தரவேண்டும் என்று உத்தரவு வந்தது. அன்று காலை தன்னுடையதைப் பார்த்தவர் லென்ஸைத் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார். நீலத்தின் நடுவே சிவப்புக் குச்சிகள், காசநோய்க் கிருமிகள். அந்த ஏழு பேரின் மார்பில் காதை வைத்து வைத்து வாங்கிக்கொண்டது.

"கோப்பையை எடுக்க மத்தியானம் வண்டி வந்துடும். ஏழு பேருக்கு என்ன பண்றது மீர்ல்?"

"எட்டுன்னு சொல்லுங்க."

"என்னை விடு. என்னோடது என் பேர்லயே போகட்டும். அந்த ஏழு பேர்ல ஷிஃப்ரா பொண்ணு ரெண்டு மாசத்துல தேறிடுவா."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தன் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசத் தெரியாத ஆளைக் கும்பிடுவதா, அடிப்பதா?

"வாயை மூடிட்டுக் கோப்பையைக் கழுவுங்க" என்றேன். அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

முதலில் என் சளியைப் பரிசோதித்தார். சுத்தம். ஏழு கோப்பைக்கு இருமினேன், தொண்டை புண்ணாகிவிட்டது. எட்டாவதில் அவர் பெயரைப் பார்த்ததும் பிடுங்க வந்தார்.

"இதுக்கு மேல உன்னால முடியாது. விடு."

"உங்களை ஏத்திட்டுப் போயிட்டா, அந்த ஏழு பேரை யாரு பாக்குறது?"

கோப்பையிலிருந்து கையை எடுத்தார். போய் எனக்கு வெந்நீர் வைத்தார்.