இரண்டு செல்வராணிகள்

அன்ட்ரூ முப்பத்தொரு வருடங்களாகப் புரோகிராம் எழுதுகிறவர். தொடக்கத்தில் கொழும்பில் ஆறு வருடம், பிறகெல்லாம் கண்டியில். அம்பிட்டியவில் மேட்டுப் பாதையோரம் அவருக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், சட்டையைக் கூட மாற்றாமல், பேஸ்புக்கில் ஒரு பதிவு எழுதுவது ஐந்தாறு வருடப் பழக்கம். வாவிக்கரை ஹோட்டலில் மெனு அட்டையை எடுத்துவிட்டு மேசையில் போனால் படம் பிடிக்கிற கறுப்புச் சதுரத்தை ஒட்டியிருக்கிறார்களே, கண்ணாடி மறந்து வந்தவன் பட்டினியா கிடப்பது? பல் தேய்த்த நிமிடத்தை எண்ணும் பிரஷ் யாருக்கு வேண்டும்? தலாத்துஓயா பஸ் கொண்டக்டர் ஐம்பது பேரில் யார் எங்கே இறங்குவார் என்று மனதில் வைத்திருக்கிறார், அதைச் செய்ய என் கம்பனியில் நான்கு பேருக்கு எட்டு மாதம் பிடித்தது. இப்படித்தான் எழுதுவார். இரண்டாயிரம் பேர் வாசித்தார்கள். கடைவீதியில் கண்டால், “சேர், போன கிழமை நல்லா குடுத்தீங்க” என்பார்கள். அது அவருக்குப் பிடிக்கும்.

நவம்பர் முதல் ஞாயிறு எழுதியது வேறு விஷயம். ‘கம்ப்யூட்டர் பிழை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கவுண்டரில் இருப்பவர் பிழை விடுவார், பெயர் சொல்பவர் பிழை விடுவார், பழியை மட்டும் வாயில்லாத பெட்டியின் மேல் போடுவார்கள்’ என்று தொடங்கி, தன் பெருமை ஒன்றையும் சேர்த்தார். நம் ஆட்களின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் ‘வீ’ போடுவார், இன்னொருவர் ‘டபிள்யூ’ போடுவார். ஒரே நோயாளிக்கு மூன்று கோப்பு திறந்துவிடும். இதற்காக இருபது வருடத்துக்கு முன் கண்டியிலுள்ள ஒரு மருத்துவ நிலையத்துக்கு ஒரு சின்னத் தந்திரம் எழுதிக் கொடுத்தேன்; ஓசை ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்று என்று அது கண்டுபிடித்துக் கோப்புகளைச் சேர்த்துவிடும்; இன்றைக்கு வரை ஒரு முறைப்பாடும் இல்லை.

மதியத்துக்குள் நூற்றுச் சொச்சம் பேர் விரும்பியிருந்தார்கள். கீழே றேணுகா என்ற பெண் எழுதியிருந்தாள்: ‘அது எந்த மருத்துவ நிலையம் சேர்? எங்க அம்மாவோட பேரு அடையாள அட்டையில டபிள்யூ. எங்களுக்குக் கண்டியில குடுத்த கார்டுல வீ.’

அன்ட்ரூ சோற்றுக் கோப்பையோடு இருந்தபடியே பதில் போட்டார்: ‘பயப்படாதீங்க தங்கச்சி, அதுக்குத்தான் தந்திரம். பிழை இருந்தா கவுண்டர்ல கேளுங்க.’ பக்கத்தில் ஒரு சிரிப்புப் படமும் வைத்தார்.

அன்று பின்னேரம் அவள் தனியாக ஒரு செய்தி அனுப்பினாள். ஒரு பரிசோதனை அறிக்கையின் படம். மேலே மார்ச் பதினான்காம் திகதி. கீழே, ‘கையில் கிடைத்தது: ஒக்டோபர் 22’ என்று பேனாவால் எழுதியிருந்தது. நடுவிலிருந்த மருத்துவ வார்த்தைகளில் ஒன்று மட்டும் அவருக்குப் புரிந்தது. அது போதுமாக இருந்தது.

‘கவுண்டர்ல கேட்டோம் சேர். கம்ப்யூட்டர் பிழைன்னு சொன்னாங்க. நீங்க அப்படி ஒண்ணு இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்ப யாரோட பிழைன்னு தெரிஞ்சா சொல்லுங்க.’

அன்ட்ரூ அந்தச் செய்தியை நாலைந்து தரம் வாசித்தார். கோபமான ஒரு வார்த்தை கூட அதில் இல்லை. நிலையத்தின் பெயர் அறிக்கையின் தலைப்பில் இருந்தது. அவர் தந்திரம் எழுதிக் கொடுத்த இடம்தான். இன்றும் மாதத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம்.

அலுமாரியிலிருந்து பழைய மடிக்கணினியை எடுத்தார். மனைவி றோஸ் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஞாயித்துக்கிழமையுமா வேல?” என்று கேட்டாள்.

தேட அதிக நேரம் எடுக்கவில்லை. இரண்டு விதிகள். ஒன்று, பெயரின் ஓசை, பிறந்த திகதி, மாவட்டம் மூன்றும் பொருந்தினால் இரண்டு கோப்புகளையும் ஒன்றாக்கு. கடைசியாகக் கொடுத்த தொலைபேசி எண்ணை வைத்துக்கொள். இது பதிவில் பெருமையடித்த விதி. இரண்டாவது, அதற்கு நாலு மாதம் பிந்தி எழுதியது: பிறந்த வருடம் மட்டும் தெரிந்தால், ஜனவரி முதலாம் திகதி என்று நிரப்பு. கவுண்டரில் கூட்டம் நெரிகிறது, நாள் மாதம் கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று அங்கிருந்தவர்கள் சொன்னதால் ஒரு பின்னேரத்தில் எழுதிக் கொடுத்தது. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் ஒரு குற்றமும் இல்லை. இரண்டையும் சேர்த்து அவர் ஒரு நாளும் யோசித்துப் பார்க்கவில்லை.

மடுல்கெல்லைத் தோட்டத்தில் ஒரு செல்வராணி. கட்டுகஸ்தோட்டையில் இன்னொரு செல்வராணி. இரண்டு பேரும் கண்டி மாவட்டம், அறுபத்தேழாம் ஆண்டு பிறந்தவர்கள். இரண்டு பேருக்கும் நாளும் மாதமும் கேட்டுப் பதியவில்லை, ஜனவரி முதலாம் திகதி என்றே நிரம்பியிருந்தது. மார்பில் இருந்த கட்டிக்குப் பரிசோதனை செய்தது மடுல்கெல்லைச் செல்வராணிக்கு. அறிக்கை தயார், வந்து டொக்டரைப் பாருங்கள் என்ற செய்தி போனது கட்டுகஸ்தோட்டைச் செல்வராணியின் போனுக்கு. அவர் தன்னுடைய இரத்தச் சீனி அறிக்கையை ஏற்கெனவே வாங்கிப் போயிருந்ததால் அதைக் கவனிக்கவில்லை. ஏப்ரலில் மகள் தொலைபேசியில் விசாரித்ததாகக் கோப்பில் ஒரு குறிப்பு இருந்தது. அப்போது திரையில் ‘அறிவிக்கப்பட்டது’ என்று பச்சையில் தெரிந்திருக்கும். பிரச்சினை என்றால் டொக்டரே கூப்பிடுவார் என்று கவுண்டர்ப் பெண் சொல்லியிருக்கிறாள். தாயும் மகளும் நிம்மதியாகியிருப்பார்கள். ஒக்டோபரில் நேரில் வந்து கேட்கும்வரை உறை ஏழு மாதம் மேசை லாச்சிக்குள் கிடந்திருக்கிறது.

“றோஸ்,” என்று கூப்பிட்டார். அவள் வந்து நின்றாள். “நான் ஒரு பொம்பளைக்குப் பெரிய அநியாயம் செஞ்சிட்டேன்.”

அவள் முகத்தைப் பார்த்து, தான் சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று விளங்கி, கதிரையை இழுத்து அவளை உட்கார வைத்து முழுவதையும் சொன்னார். றோஸ் கேட்டு முடித்துவிட்டு, “இப்ப அந்தம்மா எப்படி இருக்காங்க?” என்றாள். அதை அவர் விசாரித்திருக்கவில்லை.

திங்கள் காலை மருத்துவ நிலையத்துக்குப் போனார். முகாமையாளர் ரஸீன் அக்குறணைக்காரர், நல்ல மனிதர், பெருநாளைக்கு வட்டிலப்பம் அனுப்புகிறவர். அன்ட்ரூ கொண்டுபோன தாளை அவர் இரண்டு தரம் பார்த்தார். இப்படிச் சேர்ந்து போன கோப்புகள் இருபத்து மூன்று சோடி.

“அன்ட்ரூ சேர், இத இன்டைக்கே திருத்தி வெச்சிருங்க,” என்றார் ரஸீன்.

“திருத்திட்டேன். அது பத்து நிமிச வேல. இந்த ஆக்களுக்குச் சொல்லணும்.”

“என்னண்டு சொல்றது? ஒங்கட ரிப்போர்ட் வேற ஆளுக்குப் போயிட்டுதுண்டா? நாளைக்கே லோயர் வந்து நிப்பாரு. இங்க பதினொரு பேர் வேல செய்றாங்க சேர். தை மாசம் புது சிஸ்டம் வருது. அதுவரைக்கும் இது எங்களுக்குள்ள ஈக்கட்டும்.”

“ரஸீன், அந்தம்மாவுக்குக் கேன்சர்.”

ரஸீன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அல்லாஹ்வே,” என்று மெல்லச் சொன்னார். பிறகு, “டிரெக்டர்மார்ட கேக்காம நான் ஒண்டும் செய்யேலாது,” என்றார்.

வெளியே வந்தபோது அன்ட்ரூவுக்கு ஒரு வெட்கமான ஆறுதல் இருந்தது. சொன்னேன், கேட்கவில்லை, இனி அவர்கள் பாடு என்று நினைத்துக்கொள்ள முடியும் போலிருந்தது. பஸ் நிலையம் வரை அந்த நினைப்போடு நடந்தார். அங்கே நின்று றேணுகாவுக்குத் தொலைபேசி எடுத்தார்.

“யாரோட பிழைன்னு கேட்டீங்க. என்னோடது. நேர்ல வந்து சொல்லலாமா?”

“வாங்க,” என்றாள்.

அடுத்த நாள் வத்தேகம, பன்வில தாண்டி மடுல்கெல்லைக்குக் காரில் போனார். தேயிலைக்கு நடுவே, தகரக் கூரை போட்ட வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. றேணுகா முன்பள்ளி ஆசிரியை, இருபத்தெட்டு வயதிருக்கும். அவரை உள்ளே கூப்பிட்டாள், முகம் கொடுக்கவில்லை. செல்வராணி கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் கொழுந்தெடுத்த கைகள் மடியில் சும்மா கிடந்தன.

வரும் வழியெல்லாம் அன்ட்ரூ ஒத்திகை பார்த்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் சொல் ஒன்றுகூட இல்லாமல் சொல்ல வேண்டியிருந்தது. “உங்க பேரு, உங்க வயசு உள்ள இன்னொருத்தரயும் உங்களயும் ஒரே ஆளுன்னு வச்சிட்டேன்மா. நாள் தெரியாத எல்லாரையும் ஒரே நாள்ல பொறந்ததா எழுதி வச்சேன். அதால ஒங்களுக்கு வர வேண்டிய செய்தி அவங்களுக்குப் போச்சு.”

“எனக்கு நாள் தெரியுமே,” என்றார் செல்வராணி. “ஆடி மாசம் பதினாறு. யாரும் கேக்கலயே.”

றேணுகா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “ஒரு வார்த்த சேர்,” என்றாள். “ஒரே ஒரு வார்த்த ஃபோன்ல கேட்டிருந்தா போதும். நான் சம்பளம் போனாலும் லீவு போட்டுட்டு ஓடி வந்திருப்பேன். ஏழு மாசம் அம்மா மலைக்குப் போயி கொழுந்தெடுத்திருக்காங்க. நான் அனுப்பினேன்.”

“ஏய், சும்மா இரு,” என்று தாய் அதட்டினார். அன்ட்ரூவைப் பார்த்தார். “அந்த மத்தம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?”

“இல்லம்மா. அவங்களுக்கு ஒண்ணும் இல்ல.”

“வேற யாருக்கும் இப்புடி ஆகியிருக்கா?”

“ஆமாம்மா,” என்றார் அன்ட்ரூ. றேணுகா திரும்பிப் பார்த்தாள்.

“எத்தன பேருக்கு?” என்றாள்.

“இருபத்து மூணு சோடி. எல்லாருக்கும் நோய்னு இல்ல. பாத்தாத்தான் தெரியும்.”

“பாத்தாச்சா?”

“இல்ல.”

“அப்ப இங்க வந்து என்னா செய்றீங்க?” என்றார் செல்வராணி. குரலில் கடுமை இல்லை; வேலை நேரத்தில் வழி தவறி வந்த ஆளிடம் கேட்பது போலக் கேட்டார்.

அன்ட்ரூ அன்றே இறங்கி வந்தார். நேரே மருத்துவ நிலையம். ஒரு வெள்ளைத் தாளில், இந்த விதிகளை எழுதியவன் நான், சோதித்துப் பார்க்காதவனும் நான் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்து ரஸீனின் மேசையில் வைத்தார்.

“நாளைக்குக் காலையில நீங்க கூப்பிடத் தொடங்கல்லன்னா, ஒவ்வொரு வீட்டுக்கும் நான் போவேன்.”

“அப்ப ஒங்கட கொன்ட்ரக்ட் முடிஞ்சுது சேர்,” என்றார் ரஸீன்.

“முடியட்டும்.”

“நான் என்டைக்காவது ஒங்களுக்குக் கெடுதல் செஞ்சனா? இவ்வளவு காலம் பழகிட்டு என்ட கழுத்துல கத்தி வெக்கிறீங்க.”

ரஸீன் சொன்னதும் உண்மைதான். அன்ட்ரூ கவுண்டருக்கு முன்னால் நோயாளிகள் உட்காரும் வாங்கில் போய் உட்கார்ந்தார். மூடும் வரை இருந்தார். மறுநாள் எட்டு மணிக்குத் திரும்பவும் போய் உட்கார்ந்தார். பத்தரைக்கு ரஸீன் வெளியே வந்து, அவரைப் பார்க்காமல், தாதி ஒருத்தியைக் கூப்பிட்டுப் பெயர்கள் இருந்த தாளைக் கொடுத்தார். “ஒவ்வொருத்தரா எடுங்க. டொக்டரும் பக்கத்துல ஈக்கணும்,” என்றார்.

மூன்று நாள் எடுத்தது. இன்னும் மூன்று அறிக்கைகள் உரியவருக்குப் போகாமல் கிடந்தன. இரண்டில் பயப்பட ஏதுமில்லை. மூன்றாவது அலவத்துகொடையில் ஒரு பெரியவருடையது, சிறுநீரகம் கெடத் தொடங்கியிருந்தது. அவருடைய மகள், “அத நாங்க வேற எடத்துல பாத்து மருந்து எடுக்கிறம், ஒங்கள நம்பி இருந்தா வாப்பா மவுத்தாகியிருப்பார்,” என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டாள். தாதி அதை அன்ட்ரூவிடம் சொன்னபோது அழுதாள். பல வருடங்களாக அந்தத் திரையை நம்பி ஆட்களுக்குப் பதில் சொன்னது அவளும்தான்.

அந்த ஞாயிறு அன்ட்ரூ புதிய பதிவு எழுதவில்லை. முந்தைய பதிவின் கீழ் நடந்ததைச் சுருக்கமாக எழுதி, தன் பெயரைப் போட்டார். சிலர் பெரிய மனது என்று புகழ்ந்தார்கள். ஒருவர் கொலைகாரன் என்று எழுதினார். இரண்டையும் வாசிக்க முடியாமல் போனை றோஸிடம் கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு பத்து நாள் கழித்து றேணுகா கூப்பிட்டாள்.

“பெரியாஸ்பத்திரியில இப்ப ஒப்பரேசன் செய்ய ஏலாதாம் சேர். மொதல்ல மருந்து ஏத்தி, கட்டி சின்னதாகுதான்னு பாக்கணுமாம்.”

“முன்னமே வந்திருந்தா?”

“கேட்டேன். டொக்டர் பதில் சொல்லல்ல.” மூச்சு விடும் சத்தம் கேட்டது. “நான் ஒங்க மேல இன்னும் கோவமாத்தான் இருக்கேன். அது எப்ப போகும்னு தெரியாது. ஆனா வியாழக்கிழம ஏழு மணிக்கு அம்மா அங்க இருக்கணும். அவ்வளவு வெள்ளன இங்கேருந்து பஸ் இல்ல.”

“நான் வாறேன்.”

வியாழன் விடிந்து வெளிச்சம் பரவும்போது மூவரும் மலை இறங்கினார்கள். றேணுகா தாயோடு பின்னால் உட்கார்ந்திருந்தாள். பன்விலவுக்குக் கீழே வளைவுகளில் செல்வராணிக்குக் குமட்டியது. “கொஞ்சம் நிப்பாட்டுங்க ஐயா,” என்றார். அன்ட்ரூ ஓரமாக நிறுத்தி இறங்கிக் கதவைத் திறந்தார். செல்வராணி மதகில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தார். மற்றக் கை பிடிமானம் தேடி அன்ட்ரூவின் முழங்கையைப் பற்றிக்கொண்டது. எடையே இல்லாத கை, ஆனால் பிடி இறுக்கம். றேணுகா தண்ணீர்ப் போத்தலோடு சுற்றி வந்தாள். வாய் கொப்பளித்து நிமிர்ந்த பிறகும் செல்வராணி உடனே ஏறவில்லை. கீழே வத்தேகமப் பக்கம் மூடுபனி விலகிக்கொண்டிருந்ததைப் பார்த்தபடி நின்றார்.

“மணி என்னா?” என்று கேட்டார்.

“ஆறே கால்மா.”

“அப்ப போவோம்,” என்றார். மகள் தோளைப் பிடித்து ஏறினார். அன்ட்ரூ கதவைச் சாத்தி, நன்றாகச் சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு, காரை எடுத்தார்.