கிடங்கு அரங்கின் வானிலை

கிடங்கு அரங்கத்துக்குள் முதன்முதலாகப் பனி பெய்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலைக் காட்சியில். துருவத்து வேட்டைக்காரர்களைப் பற்றிய ஆவணப்படம் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசைத் தையல்காரர் தலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "ஃபேனைக் குறைங்கப்பா" என்றார். அடுத்த வாரம் பாலைவனப் படம். எல்லாரும் வாசலில் செருப்பை உதறி மணலைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். திரையில் இருப்பது கொஞ்சம் உள்ளேயும் வரும் என்பது ஊருக்குச் சீக்கிரமே பழகிவிட்டது. போஸ்டரில் காட்சி நேரத்துக்குக் கீழே குடையா, கம்பளியா என்றும் எழுத ஆரம்பித்தார்கள்.

அந்தப் பஞ்சுக் கிடங்கை அரங்கமாக்கியவர்கள் ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் கப்பல்களில் சமையல்காரனாக இருந்து துறைமுகத்துக்கு ஒரு பாஷை கற்றவன். தங்கைக்குத் தமிழைத் தவிர எதுவும் தெரியாது. அவன் மேலறையில் படத்தை ஓட்டிக்கொண்டே, திரையில் பேசுவதைத் தமிழாக்கி அவள் காதுக்கருவியில் சொல்வான். அவள் திரைக்குப் பக்கத்தில் நின்று மைக்கில் பேசுவாள். அவன் சொல்வது சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். அவள் வாய்க்கு வந்ததும் உயிர் வந்துவிடும். திரையில் ஒரு சுரங்கத் தொழிலாளி அழுதால் அவள் குரலும் அழும். "அந்தப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊரே நம்பியது. அவள் அண்ணனை நம்பினாள். திரையில் நிஜமாகவே அப்படியா சொன்னார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

ஆற்றங்கரையில் ஒரு சாயப்பட்டறைக் கம்பெனி இடம் கேட்டு வந்தது. அதே கம்பெனி தூர தேசத்தில் நெடுங்காலமாக நடத்தும் ஆலையைப் பற்றி ஒரு படம் இருப்பதாகத் தெரியவந்ததும், அதைப் பார்த்துவிட்டு, இடம் கொடுக்கலாமா என்று கை தூக்கி முடிவெடுக்கலாம் என ஊர்க் கூட்டம் முடிவு செய்தது. அண்ணன் படத்தை வரவழைத்தான். கறுப்பு வெள்ளைப் படம். அதில் எந்த ஆறும் ஒரே மாதிரிதான் தெரியும்.

திரையில் ஒரு பெண் கரையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினாள். காதுக்குள் அண்ணன் சொன்னான். தங்கை தன் குரலின் முழு இனிமையோடும் அதை ஊருக்குச் சொன்னாள்: "ஆலை வந்த பிறகுதான் எங்க அடுப்பு எரியுது. தண்ணீர் முன்னைவிடத் தித்திப்பு." அதற்குள் இருக்கைகளுக்கு அடியில் தண்ணீர் ஏறிவிட்டது. மை மாதிரிக் கறுப்பு. சகிக்க முடியாத நாற்றம்.

"தித்திப்பாம்மா?" என்றார் தையல்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு. "நீயே ஒரு வாய் குடிச்சுக் காட்டு, நாங்க கை தூக்கறோம்."

அவள் மைக்கை நிறுத்திவிட்டு மேலறைக்கு ஓடினாள். "அண்ணா, அந்தம்மா நிஜமா என்ன சொல்லுது?"

"பாப்பா, நான் சொல்றதை மட்டும் சொல்லு. ஆலையில எனக்கு மேனேஜர் வேலை பேசி முடிச்சாச்சு. நம்ம அரங்கத்துக்கும் புதுக் கூரை போட்டுத் தர்றாங்க. நமக்காகத்தானே செய்றேன்?"

அவளுக்குச் சாயப்பட்டறை நினைவுக்கு வரவில்லை. எப்போதோ அவள் குரல் கொடுத்த அந்தச் சுரங்கத் தொழிலாளிதான் வந்தான். அவன் என்ன சொல்லி அழுதான்? யாருக்குத் தெரியும்?

கீழே வந்து காதுக்கருவியைக் கழற்றித் தண்ணீரில் போட்டாள். திரையைக் காட்டிச் சொன்னாள்: "இவங்க சொல்றது எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யார் சொன்னதும் தெரியாது. உங்க காலை நனைக்குதே, அதுதான் இவங்க சொல்றது. நான் சொன்னது இல்லை."

ஊர்க் கூட்டத்தில் ஒரு கையும் உயரவில்லை. கம்பெனி வேறு ஊரைத் தேடிப் போனது, அண்ணனும் கூடவே போனான். தங்கை பாஷைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். திக்கித் திக்கித்தான் சொன்னாள். புரியாத இடத்தில் "புரியலை" என்றாள். கூட்டம் கொஞ்சம் குறைந்து, பிறகு பழையபடி ஆனது.

தலை நரைத்த பிறகு அண்ணன் திரும்பி வந்து டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தான். மழைக்காட்டுப் படம். அரங்கமே நனைந்தது, அவன்மேல் ஒரு சொட்டும் விழவில்லை. அண்ணாந்து முகத்தை நீட்டிக்கொண்டு படம் முடியும்வரை காத்திருந்தான். அடுத்தடுத்த படங்களில் பனியும் மணலும்கூட அவனை அப்படியே ஒதுக்கிவிட்டன. இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. மழைப் படம் என்றால், கைக்குழந்தையோடு வருகிறவர்களும் சளி பிடித்தவர்களும் முண்டியடித்து அவனை ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார்கள். வாசலில் டிக்கெட்டோடு எல்லாருக்கும் துடைத்துக்கொள்ள ஒரு துண்டு கொடுக்கும் தங்கை, அவனுக்கு டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுக்கிறாள்.