அகப்பைக் காம்பு

…பெட்ரோலில்தான் கோளாறு, அந்தப் பங்க்காரன் மண்ணெண்ணெய் கலக்காமல் இருந்தால்தான் அதிசயம், ஆனால் நேற்று கையில் ஊற்றி முகர்ந்து பார்த்தாயிற்றே, சுத்தமாகத்தானே இருந்தது, அப்படியென்றால் ஜவஹர்தான், கார்புரேட்டரைக் கழட்டிச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வந்த அந்த மெக்கானிக் நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசை மாட்டியிருப்பான், எவனை நம்புவது… இனாயத் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றார். நின்ற இடத்தில் வண்டி குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி உதறியது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் யோசித்து, இருமி, அப்புறம்தான் எழுந்தது. பிளக்கு நாலையும் துடைத்தாயிற்று, இன்னும் என்னதான் வேண்டும் இதற்கு?

“இன்னா பாய், மூணு மாசமா இதே பாட்டு,” வக்கீல் பஞ்சாட்சரம் வாசலிலிருந்தே கேட்டார். “பதினோரு மணிக்கு வண்டிய வாங்கறவங்க வர்றாங்க. அதுக்குள்ள ஒழுங்கா ஓடினா வச்சிக்கறேன். இல்லேன்னா இழுத்துக்கினு போவட்டும்.”

“ஜவஹர் கை வச்சதுலேர்ந்துதாங்க ஐயா…”

“அதுக்கு முன்னாடி பங்க்காரன், அதுக்கு முன்னாடி மழை. உன் கை மட்டும் சுத்தம்.”

சுத்தம்தான், இருபது வருஷமாக இந்த வண்டியை வேறு எவன் ஓட்டினான், எவன் பார்த்தான், யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பின்னால் பீப்பாயைக் கட்டி, அதில் கரியை எரித்து வரும் புகையில் ஓட்டினோமே, விடியலில் விசிறி விசிறிக் கரியைப் பற்றவைத்தது யார், பெண்டாட்டி வஜீஹாதானே, மூக்கில் கரியோடு நின்று சிரிப்பாள்… குண்டு விழும் என்று ஐயா வீட்டோடு ஊரைவிட்டுப் போனபோது ஆழ்வார்பேட்டையே காலி, கேட்க ஆளில்லை, இனாயத் அவளை முன் சீட்டில் உட்காரவைத்துத் திருவான்மியூர் கடற்கரைக்குக் கிளம்பினார், அடையாறு பாலத்து ஏற்றத்தில் புகை போதாமல் வண்டி நின்றுபோக, புர்காவைச் சொருகிக்கொண்டு அவளே இறங்கித் தள்ளினாள், “கார்ல கூட்டிக்கினு போறேன்னீங்க, நான்ல காரைக் கூட்டிக்கினு போறேன்,” என்றாள்… அவள் கண்ணை மூடி ரெண்டு வருஷம், அந்தச் சீட்டையா எவனோ இழுத்துக்கொண்டு போவது?

குவளைத் தண்ணீரை எஞ்சினின் இணைப்புகளில் ஒவ்வொன்றாகச் சொட்டினார். எங்காவது காற்று புகுந்தால் தெரிந்துவிடும். இங்கே இல்லை, இங்கேயும் இல்லை… கார்புரேட்டருக்கு மேலே, எஞ்சினுக்குப் போகும் குழாயின் பக்கவாட்டில் விழுந்த சொட்டு சரக்கென்று உள்ளே போயிற்று, உதறல் ஒரு கணம் அடங்கியது. குனிந்து பார்த்தார். கரிப் புகை எஞ்சினுக்குள் வந்த ஓட்டை அது. யுத்தம் முடிந்து பீப்பாயைக் கழட்டியதும் அதை அடைத்தது யார், அவரேதான், வஜீஹாவின் உடைந்த அகப்பைக் காம்பைச் சீவி அடித்து இறுக்கினார், இப்போது அது காய்ந்து கறுத்து, தொட்டதும் பல் மாதிரி ஆடியது. விரலால் இழுத்தார், கையோடு வந்தது. எஞ்சின் அணையப் பார்த்தது, கட்டை விரலை வைத்து ஓட்டையை அழுத்தினார்.

உதறல் நின்றது. மறுகையால் ஆக்சிலேட்டர் கம்பியை இழுத்து ரேஸ் கொடுத்தார், கேட்ட மாத்திரத்தில் எழுந்தது, பழைய குரல்.

“அட, சரியாய்டுச்சா?” வக்கீல் படி இறங்கி வந்தார். “யார் பண்ண கோளாறு பாய் அது?”

சூடு விரலைக் கடித்தது, எடுக்கவில்லை. கட்டை சூட்டுல காஞ்சி சுருங்கிடும்ங்க, தகரம் வச்சி அடைங்க என்று அன்றைக்கு இதே இடத்தில் நின்று சொன்னாளே, நீ போய் சோத்தைப் பாரு என்றாரே… பங்க்காரன், ஜவஹர், மழை, எல்லாரையும் குறை சொல்லியாயிற்று, நீ சொன்னதுதான் சரி வஜீஹா என்று, அத்தனை வருஷத்தில், ஒரு தரமாவது…